விதிப்படி மயங்காத எலிகள்

வட வட்டார மூலிகை ஆராய்ச்சிக் கழகத்தில் நாற்பது எலிகள் இருந்தன. அவற்றைக் கவனித்துக்கொள்ள அறுபத்திரண்டு ஊழியர்கள் இருந்தார்கள். எலிகளைத் தொட்டுக் கவனித்தவள் சந்திரிகா ஒருத்திதான். மற்ற அறுபத்தொரு பேரும் காகிதத்தில் கவனித்தார்கள்.

கழகம் தீவு நகரத்தில், ஆயர் ஈத்தாம் சாலையில் இருந்தது. மேல்மாடியில் இயக்குநர் அறையும் புள்ளிவிவரப் பிரிவும், கீழே பொருள் கிடங்கு, பின்பக்கம் மழைக்கு ஒழுகும் எலிக்கூடம். ஒவ்வோர் எலிக்கும் தனிக்கோப்பு உண்டு. பிறந்த தேதி, எடை, நன்னடத்தை எல்லாம் அதில் பதிவாகும். ஓர் எலி செத்துவிட்டால் கோப்பில் ‘பணி நிறைவு’ என்று எழுதி மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவது ஆள் விடுப்பில் இருந்தால் அவர் வரும்வரை எலி சாகவில்லை என்றே பொருள். அப்படி ஒரு முறை பதினைந்து நாள் சாகாமல் இருந்த எலிக்குத் தீவனமும் ஒதுக்கினார்கள்.

சந்திரிகா இதையெல்லாம் பார்த்துச் சிரித்தவள்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு காலையில் அந்தச் சிரிப்பு நின்றது.

அன்று அவள் கணவன் ராமதாஸ் இட்லியைப் பாதியில் விட்டுவிட்டுப் பத்திரிகையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். கழகத்தின் இயக்குநர் டத்தோ ஸ்ரீஸ்கந்தராஜா கோட்டு சூட்டில் சிரித்துக்கொண்டிருந்தார். முத்தியாரா பொடி என்ற மூலிகை மருந்து எலிகளின் இரத்தத்தில் சர்க்கரையை நாற்பத்து மூன்று விழுக்காடு குறைத்துவிட்டதாம். செப்டம்பர் இருபதாம் தேதி வெளியீட்டு விழாவாம். நீரிழிவுக்காரர்கள் இனி ஊசிக்குப் பயப்பட வேண்டியதில்லையாம்.

“உங்க ஆபீஸ்லயே கண்டுபிடிச்சிருக்காங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா? இருபதாம் தேதி சாயங்காலம் ஃபெரியில ஏறினதும் ஊசி, குப்பி எல்லாத்தையும் கடல்ல போட்டுடறேன் லா. அதுக்கப்புறம் இந்தக் கையில ஒருத்தனும் குத்தக்கூடாது” என்றான் ராமதாஸ்.

ராமதாஸ் கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த் துறைமுகத்தில் கொள்கலன்களைத் தூக்கி அடுக்கும் இயந்திரம் ஓட்டுபவன். எண்பத்தொன்பது கிலோ. அரை அங்குல ஊசியைக் கண்டால் நெற்றியில் வியர்வை அரும்பும், கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகா என்பான். போன வருடம் கெப்பாலா பத்தாஸில் தங்கை கல்யாணத்துக்குப் போனவன், மூன்று நாள் ஊசியை மறந்தான். மறந்தானா, மறந்ததுபோல் இருந்தானா என்பது அவனுக்கும் சந்திரிகாவுக்கும் மட்டும் தெரியும். பந்தியில் சாய்ந்தவனைப் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு தரம் இன்சுலினை நிறுத்தினால் இதே ஆளைத் திருப்பித் தர முடியும் என்று உறுதி சொல்லமாட்டேன் என்றார் டாக்டர்.

அதனால் ராமதாஸின் மகிழ்ச்சியில் அவளால் கலந்துகொள்ள முடியவில்லை. காரணம், அந்த எலிகள் முத்தியாரா பொடியைச் சாப்பிடவே இல்லை.

அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் கூண்டுக்கடியிலுள்ள தட்டைக் கழுவுகிறவள் அவள். பொடி கலந்த தீவனத்தை எலிகள் முகர்ந்து பார்த்துவிட்டு முன்காலால் தள்ளிவிடும். வலைக்கம்பிக்குக் கீழே பச்சைப் பச்சையாய்ப் பொடி உதிர்ந்து கிடக்கும். பொடி படாத பக்கத்தை மட்டும் கொறித்துவிட்டுத் தூங்கும். இதை எழுதலாம் என்று பதிவேட்டைப் புரட்டினாள். ‘மருந்து வழங்கப்பட்டதா?’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘உண்ணப்பட்டதா?’ என்று கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினாள். ஓரத்தில் எழுதக்கூடாது என்று சிவப்பு மையில் குறிப்பு வந்தது.

சாப்பிடாத மருந்து எப்படிச் சர்க்கரையைக் குறைத்தது? இந்தக் கேள்வியோடு அவள் இரண்டு நாள் நடமாடினாள். சோற்றில் உப்புப் போட மறந்தாள்.

விடை ஈதர் குப்பியில் இருந்தது.

எலியிடமிருந்து இரத்தம் எடுக்குமுன் அதை மயக்க வேண்டும் என்பது விதி. கண்ணாடி ஜாடியில் ஈதர் நனைத்த பஞ்சைப் போட்டு, எலியை உள்ளே விட்டு, மூடியை மூட வேண்டும். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எலி சும்மா இருக்காது. ஜாடிச் சுவரைப் பிறாண்டும், குதிக்கும், மூச்சு முட்டி மூடியை முட்டும், பிறகுதான் சாயும். ஈதர் மாதத்துக்கு ஒரு குப்பி. அதைக் கிடங்கில் வைத்திருந்தவர் மீரா சாகிப். நேர்மையான மனிதர். குப்பியில் அளவு குறைகிறதா என்று தினமும் காலையில் மூடியைத் திறந்து பார்ப்பார். தினமும் குறைந்திருக்கும். திருட்டு நடக்கிறது என்று முடிவுகட்டி இரண்டாவது பூட்டுப் போட்டார். அப்போதும் குறைந்தது. ஒரு நாள் சந்திரிகாவைத் தனியாக அழைத்து, “பூட்டின பெட்டிக்குள்ள பூந்து எவனோ குடிக்கிறான் தங்கச்சி. சந்தேகம் யார் மேலன்னு மட்டும் கேக்காத” என்றார். திறந்தால் காற்றோடு போய்விடும் பொருள் அது அண்ணே என்று அவள் சொன்னதற்கு, அரசாங்கப் பொருள் அனுமதியில்லாமல் காற்றோடு போகாது என்று பதில் வந்தது.

ஆக, மாதத்தில் இருபது எலிகளுக்கு மட்டுமே ஈதர் மிஞ்சியது. அ பிரிவு எலிகள், அதாவது வெறும் தண்ணீரும் தீவனமும் பெறும் இருபதும், வரிசையில் முதலில் வருவதால் மயங்கின. பொடி வழங்கப்பட்ட ஆ பிரிவு எலிகள் வரும்போது குப்பி காலி. முதல் மாதம் என்ன செய்வது என்று தெரியாமல் சந்திரிகா தன் குட் மார்னிங் துண்டை எடுத்தாள். காப்பிக் கடைக்காரர்கள் தோளில் போட்டிருப்பார்களே, சிவப்பு எழுத்து அச்சடித்த அந்த வெள்ளைத் துண்டுதான். எலியை அதில் குழந்தையைச் சுற்றுவதுபோல் சுற்றி, மடியில் வைத்து, தலையை மெல்லத் தடவி, வால் நுனியில் ஒரு சின்னக் குத்து. ஒரு வருடமாகத் தினமும் தொட்டுப் பழகிய கை. எலிகள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அ பிரிவுக்குச் சர்க்கரை மில்லிமோல் கணக்கில் பத்தரை வந்தது, ஆ பிரிவுக்கு ஆறு. முதல் மாதம் கிடைத்த முடிவு மாறாதிருக்க முதல் மாதம் செய்த முறை மாறக்கூடாது என்று மேல்மாடியிலிருந்து உடனே சுற்றறிக்கை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் மதியம், எலிக்கூடத்தில் யாரும் இல்லாதபோது, சந்திரிகா அ பிரிவின் பதினோராம் எண் எலியை எடுத்தாள். துண்டில் சுற்றி மடியில் வைத்து வாலில் குத்தினாள். ஆறு. மறுநாள் அதே எலியை ஈதர் ஜாடியில் விட்டாள். அது பிறாண்டித் துடித்துச் சாய்ந்தது. பத்தரை.

அவளுக்கு ராமதாஸின் வியர்வை ஞாபகம் வந்தது. கிளினிக்கில் ஊசியைக் கண்டதும் அவனுக்கு நெஞ்சு படபடக்கும், வீட்டில் எட்டாக இருந்த சர்க்கரை அங்கே பன்னிரண்டாகும். பயந்த உடம்பு ஓடுவதற்காகச் சர்க்கரையை இரத்தத்தில் கொட்டும் என்று அங்கேயிருந்த நர்ஸ் சொல்லியிருக்கிறாள். எலியும் ஓடத்தான் பார்த்தது. ஜாடிக்குள் எங்கே ஓடுவது? முத்தியாரா பொடி எதையும் குறைக்கவில்லை. ஈதர் ஏற்றிவிட்டிருந்தது. இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு ஒரு காப்பிக் கடைத் துண்டு.

அன்றிரவு சோறு போடும்போதே ராமதாஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு அவள் மனம் நோகும் என்று தெரியாமலே சொன்னான்.

“நீ எலி புடிக்கிறவ சந்திரி. அவங்க டாக்டருங்க. உனக்கு என்னைக் குத்திக் குத்திப் பழகிடுச்சு, அதான் விடமாட்டேங்கற.”

அவள் ரசத்தை ஊற்றினாள். மறுநாள் காலையில் மேல்மாடிக்குப் படியேறினாள்.

முதலில் புள்ளிவிவர அதிகாரி கதிர்காமநாதன். மெலிந்த மனிதர், இரண்டு கண்ணாடி போட்டிருப்பார், ஒன்று கண்ணில், ஒன்று நெற்றியில். எலி பயந்தது என்பதை எந்த அலகில் சொல்கிறீர் என்று கேட்டார். பயத்துக்கு அலகு இல்லையே என்றாள். அலகு இல்லாததைக் கூட்ட முடியாது, கூட்ட முடியாதது நடந்ததாகக் கொள்ள முடியாது என்று விளக்கினார். பிறகு நெற்றிக் கண்ணாடியைக் கீழே இறக்கி அவளைப் பார்த்து, மிகவும் அன்பாக, “பிள்ளை, எண்ணெல்லாம் வடிவா வந்திருக்கு. எதுக்கு அதுகளைக் கலைக்கிறீர்?” என்றார்.

அவர் அவளை இயக்குநரிடம் அனுப்பினார்.

டத்தோ ஸ்ரீஸ்கந்தராஜாவின் அறைக்கு அவள் தினமும் ஒரு முறை போவாள், ஆனால் பேசியதில்லை. எலிக்கூடத்துக் குளிர்ப்பெட்டியின் மேல்தட்டில் பழுப்புக் காகிதம் சுற்றிய ஒரு பெட்டி இருக்கும். மேலே ‘இயக்குநரின் ஆய்வுப் பொருள், தொடக்கூடாது’ என்று எழுதியிருக்கும். அதைத் தினமும் பகல் பன்னிரண்டே முக்காலுக்குத் தட்டில் வைத்து, மேலே துண்டு போட்டு மூடி, அவர் மேசையில் வைத்துவிட்டு வரவேண்டும். ஒரு முறை அவர் கூட்டத்தில் இருந்ததால் இவள் வெளியே இருபது நிமிடம் நின்றுவிட்டாள். வெளியே வந்தவர் இரைந்த இரைச்சலில் எலிகள்கூட விழித்துக்கொண்டன. மறுநாளே சுற்றறிக்கை எண் பதினேழு வெளியானது: ‘மேற்படி பொருள் பகல் பன்னிரண்டே முக்கால் மணிக்கு, இயக்குநர் எங்கிருந்தாலும், எவருடன் இருந்தாலும், எலிக்கூட உதவியாளரால் தட்டில் கொண்டுவரப்பட வேண்டும். தாமதம் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது.’

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கு முதல் வாரத்திலேயே தெரியும். காகிதம் கிழிந்த ஓரத்தில் குப்பியின் நீலப் பட்டையும் ரப்பர் மூடியும் தெரிந்தன. அவள் வீட்டுக் குளிர்ப்பெட்டியிலும் அதே நீலப் பட்டைதான். இதை அவள் ராமதாஸிடம்கூடச் சொன்னதில்லை. ஒருவர் நோய் அவருடைய சொந்த விஷயம் என்பது அவள் எண்ணம்.

இயக்குநர் அவள் சொன்னதை மேசையில் இருந்த தம் டத்தோ பட்டப் பதக்கத்தைத் துடைத்தபடியே கேட்டார்.

“இஞ்ச பாரும் பிள்ளை. எங்கட எலிகள் பயப்படுறதில்லை. அதுகள் ஏன் பயப்பட வேணும்? குவாட்டர்ஸ் இருக்கு, சாப்பாடு இருக்கு, கோப்பு இருக்கு. பயம் எண்டு ஒண்டு இந்தக் கழகத்தில இருந்தால் அது என்னைக் கேக்காமல் வந்திருக்காது.”

ஆ பிரிவு எலிகளையும் ஒரே ஒரு முறை ஈதரில் மயக்கிப் பாருங்கள், அல்லது அ பிரிவையும் துண்டில் பிடிக்க விடுங்கள், இரண்டையும் ஒரே மாதிரி நடத்தினால் போதும் என்று கேட்டாள். அவர் யோசித்தார். யோசித்து ஒரு குழு அமைத்தார்.

குழு மூன்று முறை கூடியது. இரண்டு முறை தேநீரோடும், ஒரு முறை பத்து காவான் ஊருக்கு வேனில் போய் நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றோடும். ஈதர் பழங்காலத்து முறை என்று உதவியாளர் சந்திரிகா சுட்டிக்காட்டியதைக் குழு ஏற்றுக்கொண்டது. அவள் அப்படிச் சுட்டிக்காட்டவில்லை. ஈதருக்குப் பதிலாக வெளிநாட்டிலிருந்து புதிய மயக்க ஊசி மருந்து ஒன்றை வரவழைப்பது என்றும், செலவு கருதி அதை அ பிரிவுக்கு மட்டும் போடுவது என்றும் முடிவானது. ஊசி வந்தது. எலிகள் பிறாண்டாமல் சாதுவாகச் சாய்ந்தன. சந்திரிகா நிம்மதியாக வால் நுனியில் குத்திச் சர்க்கரைக் கருவியைப் பார்த்தாள். பதினைந்து.

ஓட்டமும் இல்லை, பயமும் இல்லை, ஆனால் அந்த மருந்தே உடம்பின் இன்சுலினை அடக்கிச் சர்க்கரையை மேலே தூக்கிவிட்டது. மருந்தோடு வந்த தாளில் பொடி எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அவள் அந்த வரியின் கீழ் கோடு போட்டு மேலே அனுப்பினாள். கோடு போட்டு அரசாங்கத் தாளைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டார்கள்.

கதிர்காமநாதன் மட்டும் எலிக்கூடத்துக்கே இறங்கிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அ பிரிவு பதினைந்து, ஆ பிரிவு அதே ஆறு. மருந்தின் வீரியம் நாற்பத்து மூன்றிலிருந்து அறுபது விழுக்காடாக உயர்ந்துவிட்டது. இவ்வளவும் உம்முடைய புகாரால் வந்தது என்று பாராட்டினார். ஆண்டறிக்கையில் அவள் பெயரை நன்றியுரையில் சேர்ப்பதாகவும் சொன்னார்.

அதே வாரம் பத்திரிகையில் அறுபது விழுக்காடு என்று வந்தது. ராமதாஸ் அதை வெட்டிச் சுவரில் ஒட்டினான். நீயும் பெரிய ஆள்தான் லா என்று அவள் தோளைத் தட்டினான். அவளுக்கு அவனை அடிக்கவேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் ஒரே நேரத்தில் தோன்றியது.

செப்டம்பர் இருபது. மண்டபத்தில் மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். தலைநகரிலிருந்து மேலதிகாரி துவான் கமால் வந்திருந்தார். முன்வரிசையில் நீரிழிவுக்காரர்கள், அவர்களில் முதல் இருக்கையில் ராமதாஸ். ஊழியர் குடும்பம் என்பதால் முதல் பொடி டின் அவனுக்கு. புதுச் சட்டை போட்டிருந்தான். சட்டைப்பையில் ஊசியும் குப்பியும் இருந்தன, சாயங்காலம் கடலில் போட. காலையில் போட்டிருக்க வேண்டிய ஊசியை அவன் போடவில்லை. அது சந்திரிகாவுக்குத் தெரியும். விடிந்ததிலிருந்து அவன் நாலு செம்புத் தண்ணீர் குடித்திருந்தான். இப்போதும் உதட்டை நக்கிக்கொண்டிருந்தான்.

மேடையில் இரண்டு கூண்டுகள். ஒன்றில் சிவப்பு ரிப்பன் கட்டிய பதினோராம் எண், பொடி தின்னாத எலி. இன்னொன்றில் பச்சை ரிப்பன் கட்டிய ஆ பிரிவு எலி. சிவப்புக்கு மயக்க மருந்து கொடுத்துச் சோதிப்பதும், பச்சையைக் கையில் பிடித்துச் சோதிப்பதும் நிகழ்ச்சி நிரலில் இருந்தன. ஊசி மருந்து விழாவுக்கு வந்து சேராததால் ஈதர் ஜாடியைத் துடைத்துக் கொண்டுவந்திருந்தார் மீரா சாகிப். குப்பியைத் திறக்க அனுமதிக் கடிதமும் சட்டமிட்டுப் பக்கத்தில் வைத்திருந்தார்.

சந்திரிகா சிவப்பு ரிப்பனை எடுத்தாள். ஜாடிக்கு விடவில்லை. துண்டில் சுற்றி மடியில் வைத்துத் தடவினாள். கருவியின் எண்ணைத் துவான் கமாலிடம் காட்டினாள். ஆறு. பிறகு பச்சை ரிப்பனை ஜாடியில் விட்டாள். முன்வரிசைக்குக் கேட்கும்படி அது பிறாண்டியது. மேலதிகாரி முகம் சுளித்தார். பத்தரை.

மருந்து எந்த எலிக்குக் கொடுத்தது என்று துவான் கமால் மலாயில் கேட்டார். சந்திரிகா மலாயிலும் பிறகு தமிழிலும், சனங்களுக்குக் கேட்கும்படி, மருந்து ரெண்டும் தின்னவில்லை, மயங்க வைத்தால் ஏறும், வைக்காவிட்டால் ஏறாது, அவ்வளவுதான் என்றாள்.

இயக்குநர் கொஞ்சமும் அசையவில்லை. ஒலிபெருக்கியைத் தம் பக்கம் இழுத்தார். அன்று அவர் பேசியது பத்திரிகைகளில் முழுதாக வந்தது.

“பெரியோர்களே, நீங்கள் கண்டது எங்கள் எதிர்பார்ப்பையும் மீறிய வெற்றி. முத்தியாரா பொடியைத் தின்னாத எலிக்கே சர்க்கரை ஆறு என்றால், தின்ற எலியின் பக்கத்துக் கூண்டில் இருந்த பலன் அது. தின்ற எலிக்குப் பத்தரை என்றால், உங்களைப் போன்ற பிரமுகர்களைக் கண்ட மகிழ்ச்சி அது. இக்கழகத்தின் எண்கள் ஒருபோதும் எங்களைக் கைவிட்டதில்லை. கைவிட்ட எண்களை நாங்கள் வைத்துக்கொள்வதும் இல்லை.”

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். ராமதாஸும் தட்டினான், ஆனால் அவன் பார்வை ஜாடியில் சாய்ந்து கிடந்த எலியின் மேல் இருந்தது. இயக்குநர் பேச்சைத் தொடர்ந்தார். கழகம் கடந்துவந்த பாதை என்ற இடத்துக்கு வந்திருந்தார். டின்கள் மேசைமேல் அடுக்கப்பட்டன. முதல் டின் துவான் கமால் கைக்குப் போனது, அவர் ராமதாஸுக்குக் கொடுப்பதற்காக.

சந்திரிகா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு நாற்பது.

அவள் மேடையை விட்டு இறங்கிப் பின்பக்கம் போனாள். குளிர்ப்பெட்டியைத் திறந்து பெட்டியை எடுத்தாள். பழுப்புக் காகிதம் ஈரத்தில் நைந்து கையோடு வந்துவிட்டது. தட்டில் வைத்தாள். மூடுவதற்குத் துண்டைத் தேடினாள். துண்டு மேடையில், பதினோராம் எண்ணைச் சுற்றியபடி கூண்டுக்குள் கிடந்தது. எலி அதில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் ஒரு கணம் நின்றாள். ஒருவர் நோய் அவருடைய சொந்த விஷயம், சரி. அப்படியானால் முன்வரிசையில் தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறவனின் நோய் யாருடைய விஷயம்? சுற்றறிக்கை எண் பதினேழை மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். எங்கிருந்தாலும், எவருடன் இருந்தாலும். மூட வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை.

சரியாகப் பன்னிரண்டே முக்காலுக்கு அவள் மேடை ஏறி, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில், இயக்குநரின் கைக்கு எட்டும்படி தட்டை வைத்தாள். ஊசி, பஞ்சு, நீலப் பட்டை போட்ட குப்பி.

இயக்குநர் கடந்துவந்த பாதையிலேயே நின்றுவிட்டார்.

முன்வரிசையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ராமதாஸ் எழுந்து மேடையோரம் வந்து தட்டைக் குனிந்து பார்த்தான். தன் சட்டைப்பையிலிருந்து குப்பியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஒரே மாதிரி இருந்தன.

“டத்தோ, இது இன்சுலின் லா. நானும் இதான் போடறேன். அப்ப நீங்க பொடி சாப்பிடறது இல்லையா?”

“இது... இது நிர்வாகம் சம்பந்தப்பட்ட பொருள்.”

“எனக்கும் தினம் ரெண்டு வேளை நிர்வாகம் சம்பந்தப்பட்டுத்தான் போடறாங்க. பொடி சாப்பிடுவீங்களா மாட்டீங்களா, அத சொல்லுங்க.”

“கழகத்தின் இயக்குநர் கழகத்தின் தயாரிப்பைத் தாமே பயன்படுத்துவது பட்சபாதமாகும். விதி இடம் தராது” என்றார் டத்தோ ஸ்ரீஸ்கந்தராஜா. ஒலிபெருக்கி அதை மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் தெளிவாகக் கொண்டுபோனது.

துவான் கமால் கையிலிருந்த டின்னை மேசைமேல் மெதுவாகத் திரும்ப வைத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தட்டைப் பார்த்தால் போதுமாயிருந்தது. பின்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்து, வாங்க போகலாம் என்று கணவனை அழைத்தார். அதைத் தொடர்ந்து நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. மீரா சாகிப் மட்டும் யாரும் கவனிக்காமல் ஈதர் குப்பியின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தபோது இயக்குநர் தட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சந்திரிகா குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போடணும் டத்தோ. லேட் பண்ணாதீங்க.”

அன்று மாலை தங்கை வீட்டுக்குப் போகும் ஃபெரியில் ராமதாஸ் கடலைப் பார்க்காமல் நின்றான். பிறகு சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு அவள் பக்கம் கையை நீட்டினான். காலையில் போடவேண்டியது என்றான். கூட்டத்துக்கு மறைவாக அவள் அவனை ஓரமாக நிறுத்தினாள். அவன் கண்ணை மூடவில்லை. அவள் தோளில் கிடந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த எலிக்குப் பேர் வைத்திருக்கிறாயா என்று கேட்டான். இல்லை, எண்தான் என்றாள். அது பாவம் என்றான்.

கழகம் வெளியீட்டைப் பொடியின் நிறம் குறித்த மேலாய்வுக்காக ஒத்திவைத்தது. மேலாய்வு இன்னும் நடக்கிறது. தட்டைக் கொண்டுவந்ததற்காகச் சந்திரிகா மேல் எந்த நடவடிக்கையும் எடுக்க முடியவில்லை, அவள் ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை. எனவே வேறு குற்றத்தைத் தேடிப் பிடித்து, ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை அனுப்பினார்கள். விதிப்படி மயக்கமடையாத எலியிடமிருந்து அனுமதியின்றி இரத்தம் எடுத்தது அந்தக் குற்றம்.

ஜெலுத்தோங் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவள் அதை நிரப்பினாள். சுவரில் பத்திரிகை ஒட்டியிருந்த இடத்தில் பசை மட்டும் மஞ்சளாய்த் தெரிந்தது. ராமதாஸ் எதிரே உட்கார்ந்து, சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு, அவள் எழுதி முடிக்கட்டும் என்று காத்திருந்தான்.

எட்டாம் கேள்வி: மயக்கமடையச் செய்யாததற்குக் காரணம்? ‘தேவைப்படவில்லை’ என்று எழுதினாள்.

ஒன்பதாம் கேள்வி: மயக்க மருந்தின்றி உம்மால் கையாளப்பட்ட உயிர்களின் முழுப் பட்டியல், எடையுடனும் சர்க்கரை அளவுடனும். அவள் எலிகளை எண் வாரியாக ஒன்றுவிடாமல் எழுதினாள். கடைசியில் ஒரு வரி மிச்சமிருந்தது. ஓரத்தில் எழுதக்கூடாது என்பதால் கட்டத்துக்குள்ளேயே எழுதினாள்.

‘ராமதாஸ். எண்பத்தொன்பது கிலோ. தினமும் இரு வேளை. இன்று காலை சர்க்கரை ஏழு.’